வாசல் மாறிய கேள்வி: கேள்வி-பதில் தளங்களுக்குப் புதியவர்களுக்கும் பழையவர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலை நீதிமன்றத்துக்கு அருகில், தட்டச்சும் போட்டோப் பிரதியும் செய்து கொடுக்கும் சிறிய கடையொன்றில் வேலை செய்யும் தங்கை ஒருவர், ஒரு நாள் மதியம் தமது கைபேசியை என்னிடம் நீட்டினார். மூதூரிலுள்ள வாடிக்கையாளர் ஒருவருக்கு அவர் அனுப்பிய காணி உறுதி வரைவு, அந்த மனிதரின் கைபேசியில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குழப்பமாகத் தெரிந்திருக்கிறது. அதற்கு வழி கேட்டு, நிரலாளர்கள் கூடும் கேள்வி-பதில் தளம் ஒன்றில் ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதியிருக்கிறார். கால் மணி நேரத்துக்குள் மூன்று எதிர் வாக்குகள் விழுந்து, இனி யாரும் விடை எழுத முடியாதபடி கேள்வி மூடப்பட்டிருந்தது. கீழே ஒரேயொரு கருத்து: இது இத்தளத்துக்கு உரியதன்று.

"கேள்வி கேட்டதே பிழையா அண்ணா?" என்று கேட்டார்.

கேட்டது பிழையன்று. மூடியதும் பிழையன்று என்றே நான் இன்றும் கருதுகிறேன். எங்கே போய்க் கேட்க வேண்டும் என்பதை அந்த ஒற்றை வரியில் யாரும் சொல்லாததுதான் பிழை. அலுவலகமொன்றில் "இது இங்கே இல்லை" என்று தலையை நிமிர்த்தாமலே சொல்லும் எழுதுவினைஞரையும், "மேல்மாடியில் இரண்டாவது அறை, பிறப்புச் சான்றிதழின் பிரதியையும் கொண்டு போங்கள்" என்று சொல்பவரையும் நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். இருவரும் நம்மைத் திருப்பித்தான் அனுப்புகிறார்கள். ஆனால் இரண்டாமவரிடம் நமக்குக் கோபம் வருவதில்லை. இந்த வழிகாட்டியின் முற்பகுதி கேட்க வருபவருக்கு உரியது. பிற்பகுதி, உள்ளே அமர்ந்து திருப்பி அனுப்புபவருக்கு உரியது.

எல்லை ஏன் போடப்பட்டது

முதலில் இதை விளங்கிக்கொள்ளாவிட்டால் மற்றவை எல்லாம் அநியாயமாகவே தோன்றும். இணையத்தில் கேள்வி கேட்கும் இடங்களில் பழையவற்றுள் ஒன்றான யூஸ்நெட்டில், ஒவ்வோர் ஆண்டும் செப்டெம்பர் மாதத்தில் பல்கலைக்கழகங்களுக்குப் புதிதாக வந்த மாணவர்கள் குவிந்து, ஏற்கெனவே நூறு முறை கேட்கப்பட்டவற்றையும் சம்பந்தமில்லாதவற்றையும் கேட்பார்கள். ஓரிரு மாதங்களில் அவர்கள் வழக்கம் பழகிக்கொள்ள, கூட்டம் அமைதியடையும். 1993ஆம் ஆண்டிலிருந்து வீட்டு இணைய இணைப்புகளின் வழியாகப் புதியவர்கள் ஆண்டு முழுவதும் வரத் தொடங்கினர். பழையவர்கள் அதை 'முடிவில்லாத செப்டெம்பர்' என்று பெயரிட்டுச் சலித்துக்கொண்டார்கள். 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' என்ற பட்டியல் பரவியதும் அந்த யூஸ்நெட் குழுக்களின் வழியாகத்தான்.

2008இல் ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் நிரலாளர்களுக்கான கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவைத் தொடங்கியபோது, அதை உதவி கேட்கும் மேசையாக அன்றி, பின்னால் தேடி வருபவர்களுக்கான சேமிப்பாகவே அமைத்தார்கள். இன்று கேட்பவர் ஒருவர். அதே கேள்வியைக் கூகுளில் தேடி நாளையும் அடுத்த ஆண்டும் வரப்போகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர். அந்தப் பின்வரிசைக்காகத்தான் முன்வரிசையில் நிற்பவரிடம் கெடுபிடி காட்டப்படுகிறது. எதையும் கேட்கலாம் என்று 2005இல் திறந்து, 2021 மே மாதத்தில் மூடப்பட்ட யாஹூ ஆன்சர்ஸ் இதற்கு நேர்மாறான வழியில் போனது. அங்கே புதியவரைத் திருப்பி அனுப்பியவர்கள் குறைவு. தேடிப் போனவருக்கு நம்பத்தகுந்த விடை அகப்பட்டதும் குறைவு.

முதற்படி: வாசலைக் கண்டுபிடித்தல்

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவையும் உள்ளடக்கிய ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் என்பது ஒரு தளம் அன்று, தெருவிலுள்ள பல கடைகளைப் போன்ற கேள்வி-பதில் தளங்களின் தொகுதி. நிரல் எழுதும்போது வரும் சிக்கலுக்கு ஸ்டாக் ஓவர்ஃப்ளோ. கணினியையும் அதிலுள்ள மென்பொருளையும் பயன்படுத்துவதில் வரும் சிக்கலுக்குச் சூப்பர் யூசர். ஆண்ட்ராய்ட் கைபேசிக்கு வேறொரு தளம், ஆங்கில இலக்கணத்துக்கு இன்னொன்று. எந்த மடிக்கணினி வாங்கலாம் என்ற கேள்வியைச் சூப்பர் யூசரே ஏற்காது; வன்பொருள் பரிந்துரைக்கென்றே தனித்தளம் இருக்கிறது.

தங்கையின் கேள்வியை இந்த வாசல்களில் வைத்துப் பார்ப்போம். அந்த வரைவு பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. பாமினி, எல்லாச் சாதனங்களுக்கும் பொதுவான எழுத்துக்குறி முறையான யூனிகோட் அன்று. கோப்புக்குள் உண்மையில் சேமிக்கப்படுபவை ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவம் போர்த்திக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் போர்வை விலகி, உள்ளே இருப்பது அப்படியே தெரிகிறது. இப்போது பாருங்கள்: 'பாமினியில் உள்ள உரையை யூனிகோடுக்கு மாற்றப் பைதன் நிரல் எழுதினேன், கொம்புக்குறி மட்டும் இடம் மாறி வருகிறது' என்றால் அது ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுக்கு உரியது. 'விண்டோஸ் கணினியில் பாமினியில் செய்த வேர்ட் கோப்பை, எழுத்துரு இல்லாத இன்னொருவரும் படிக்கும்படி எப்படிச் சேமிப்பது' என்றால் சூப்பர் யூசர். 'என் ஆண்ட்ராய்ட் கைபேசியில் புதிய எழுத்துருவை எப்படி நிறுவுவது' என்றால் ஆண்ட்ராய்ட் தளம். சிக்கல் ஒன்றுதான். எந்த முனையைப் பிடித்துக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து வாசல் மாறுகிறது.

ஆகவே, தளத்தின் உதவிப் பகுதியில் 'இங்கே எவற்றைக் கேட்கலாம்' என்ற பக்கத்தை முதலில் வாசிக்க வேண்டும். அது ஐந்து நிமிட வேலை. அதைவிடப் பயனுள்ளதாக நான் கண்டது, நமது பொருளில் அண்மையில் மூடப்பட்ட நான்கைந்து கேள்விகளைத் திறந்து பார்ப்பதாகும். விதியில் எழுதியிருப்பதற்கும் நடைமுறையில் பொறுத்துக்கொள்ளப்படுவதற்கும் உள்ள இடைவெளி அங்கேதான் தெரியும்.

மொழியையும் பார்க்க வேண்டும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுக்குப் போர்த்துக்கீசம், ரஷ்யன், ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய மொழிகளில் தனித்தளங்கள் உண்டு, தமிழில் இல்லை. முதன்மைத் தளத்தில் தமிழில் எழுதினால், கேள்வி எவ்வளவு நல்லதாயினும், ஆங்கிலத்தில் இல்லை என்ற காரணத்தாலேயே மூடப்படும். உடைந்த ஆங்கிலத்தில் எழுதுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. நிரலும் பிழைச்செய்தியும் தெளிவாக இருந்தால் வாக்கியத்தை யாராவது திருத்தி விடுவார்கள்.

இரண்டாம் படி: கேள்வியை நிற்கும்படி எழுதுதல்

தங்கை எழுதியதன் சாரம் இதுதான்: 'வணக்கம் சேர், நான் திருகோணமலையில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். தமிழ் கோப்பு போனில் வேலை செய்யவில்லை. அவசரம். தயவுசெய்து உதவி செய்யுங்கள்.' எந்தக் கோப்பு, எந்த எழுத்துரு, எந்த மென்பொருள், திறந்தபோது என்ன தெரிந்தது என்ற நான்கில் ஒன்றும் அதில் இல்லை. இருந்தவை வணக்கமும் அவசரமும் வேண்டுகோளும். நம் பேச்சில் இவை மூன்றும் மரியாதை. ஆனால் அந்தத் தளங்களில், பின்னால் தேடி வருபவருக்குப் பயன்படாதவை என்று வணக்கத்தையும் நன்றியையும்கூட யாரேனும் வெட்டி விடுவார்கள். முதன்முறை என் வணக்கம் வெட்டப்பட்டபோது, வீட்டு வாசலில் கும்பிட்ட கையைத் தட்டிவிட்டது போலத்தான் எனக்கும் இருந்தது. அது நம்மை அவமதிப்பதற்காகச் செய்யப்படுவதில்லை என்பதை ஏற்றுக்கொள்ளச் சில மாதங்கள் சென்றன.

நாங்கள் இருவரும் கடை மேசையிலிருந்து அதைத் திருப்பி எழுதினோம். தலைப்பில் சிக்கலையே வைத்தோம்: பாமினி எழுத்துருவில் செய்த வேர்ட் கோப்பு, எழுத்துரு நிறுவப்படாத சாதனத்தில் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது. உள்ளே முதல் வரியில் வேர்டின் பதிப்பும் விண்டோஸின் பதிப்பும். அடுத்து, 'அம்மா' என்று தட்டச்சு செய்த ஒரேயொரு சொல், கணினியில் எப்படித் தெரிகிறது, கைபேசியில் எப்படித் தெரிகிறது என்ற இரண்டு படங்கள். காணி உறுதியின் படத்தைப் போடவேண்டாம் என்று சொன்னேன். அதில் வாடிக்கையாளரின் பெயரும் காணியின் எல்லையும் இருந்தன. இறுதியாக, செய்து பார்த்தவை: கோப்பை மீண்டும் அனுப்பியது, வேறு செயலியில் திறந்தது. அவர் எழுதிய முதல் வடிவத்தைவிட இது மூன்று வரிதான் நீளம்.

மூன்றாம் படி: மூடப்பட்டால் அறிவித்தலை வாசித்தல்

மூடப்பட்ட கேள்வியின் மேல் ஒரு பெட்டியில் காரணம் எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலானவர்கள் எதிர் வாக்கின் எண்ணைப் பார்த்தவுடனேயே பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள், பெட்டியை வாசிப்பதில்லை. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒரு கேள்வியை மூட, பிறரின் வாக்குகளால் 3,000 புள்ளிகள் சேர்த்த பயனர்கள் மூவரின் வாக்கு வேண்டும். முன்பு ஐவர் வேண்டியிருந்தது, 2019இல் மூவராகக் குறைத்தார்கள். தளத்தை மேற்பார்க்கப் பயனர்கள் தேர்ந்தெடுத்த மட்டுறுத்துநர் என்றால் ஒருவரே போதும். காரணங்கள் சிலவே: ஏற்கெனவே கேட்கப்பட்டது, விவரம் போதாது, ஒன்றுக்குள் பல கேள்விகள், கருத்தைக் கேட்பது, தளத்துக்குப் புறம்பானது. இவற்றுள் முதலாவதைப் பலர் திட்டு என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அதுதான் ஐந்திலும் நல்ல செய்தி, ஏனெனில் விடைக்கான இணைப்பு அந்தப் பெட்டியிலேயே இருக்கும்.

எதிர் வாக்கும் மூடுதலும் வேறு வேறானவை. ஓர் எதிர் வாக்கு கேட்டவரின் புள்ளியில் இரண்டைக் குறைக்கும். ஆனால் எவருடைய புள்ளியும் ஒன்றுக்குக் கீழே இறங்காது. புதிதாகச் சேர்பவர் ஒன்றில்தான் தொடங்குகிறார். ஆகவே தங்கையின் மூன்று எதிர் வாக்குகளும் இந்தக் கணக்கின்படி பறித்திருக்கக்கூடியது பூச்சியம். இதைச் சொன்னபோதுதான் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

நான்காம் படி: மூடியபின் செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

செய்யக் கூடாதது ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எல்லோரும் செய்வது அதைத்தான்: அதே கேள்வியை மறுபடி புதிதாக இடுவது. நல்லதாக மதிக்கப்படாத கேள்விகள் சேர்ந்தால், தானியங்கி முறையொன்று அந்தக் கணக்கிலிருந்து மேலும் கேள்வி கேட்பதைத் தடுத்துவிடும். அழித்துவிட்டால் கணக்கில் வராது என்பதும் தவறு, அழிக்கப்பட்டவையும் எண்ணப்படுகின்றன. புதுக் கணக்குத் திறப்பது இன்னும் மோசம்.

செய்ய வேண்டியது, மூடப்பட்ட அதே கேள்வியைத் திருத்துவது. மூடியபின் கேட்டவர் செய்யும் கணிசமான திருத்தம், மீளத் திறப்பதா என்று பார்ப்பவர்களின் வரிசைக்குக் கேள்வியைக் கொண்டுபோகலாம். அந்த வாய்ப்பு ஒருமுறைதான் எளிதாகக் கிடைக்கும்; ஆகவே ஒரு காற்புள்ளியைத் திருத்தி அதை வீணாக்கக் கூடாது. காலமும் குறைவு: எதிர் மதிப்பிலோ பூச்சியத்திலோ, விடை பெறாமல் மூடிக் கிடக்கும் கேள்விகள், 'ஏற்கெனவே கேட்கப்பட்டது' என்ற வகை தவிர்ந்தவை, பெரும்பாலும் ஒன்பது நாள்களில் தாமாகவே அழிந்துவிடும்.

வாசல்தான் தவறு, கேள்வி நல்லது என்றால் வேறு தளத்துக்கு இடம் மாற்றவும் இயலும். கேள்வியில் கொடியிட்டு, அதாவது மட்டுறுத்துநரின் கவனத்துக்குக் கொண்டுவரும் பொத்தானை அழுத்தி, வேண்டலாம். ஆனால் அறுபது நாளுக்கு மேற்பட்டவற்றை மாற்ற மாட்டார்கள். தெளிவற்ற கேள்வியையும் மாற்ற மாட்டார்கள், அடுத்த வீட்டு முற்றத்தில் குப்பை கொட்டுவதில்லை என்பது அவர்களுடைய நெடுநாள் வழக்கம். அநேகமான நேரங்களில், பழையதை நாமே அழித்துவிட்டு, சரியான தளத்தில் செம்மையாக எழுதுவதுதான் விரைவு. இரண்டு தளங்களிலும் ஒரே நேரத்தில் விட்டுவைப்பதை மட்டும் தவிர்க்கவும்.

கருத்துப் பகுதியில் வாதாடுவதைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. வாதாடி நான் வென்றதில்லை.

ஐந்தாம் படி: உள்ளே இருப்பவர் செய்ய வேண்டியது

இந்தப் படிதான் கடினமானது, ஏனெனில் திருப்பி அனுப்புபவருக்கு நாளொன்றுக்கு ஐம்பது பேர் வரலாம், கேட்பவருக்கோ இது முதலும் ஒரேயொன்றுமான அனுபவம். 2018 ஏப்ரலில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நிறுவனமே, தமது தளம் புதியவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கும் ஓரங்கட்டப்பட்டவர்களுக்கும், வரவேற்பற்றதாக இருக்கிறது என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு ஓகஸ்டில் நடத்தைக் கோவையொன்று வந்தது; புதியவரின் பெயருக்கருகே 'புதிய பங்களிப்பாளர்' என்ற குறியும் தோன்றத் தொடங்கியது. பழைய பயனர்கள் பலர் இதைக் கசப்போடுதான் எடுத்துக்கொண்டார்கள். சம்பளமில்லாமல் குப்பை அள்ளியவரிடம் துடைப்பத்தைப் பிடித்த விதம் சரியில்லை என்று சொன்னால் கசக்கத்தானே செய்யும்.

இருபக்கமும் நியாயம் உண்டென்றாலும், எது பலன் தரும் என்பதற்கு ஓரளவு சான்று இருக்கிறது. புதியவர் கேள்வியை வெளியிடுமுன் வழிகாட்டி ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளும் ஏற்பாட்டை ஒரு மாதம் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் நடத்திப் பார்த்த ஆய்வொன்று 2018இல் வெளிவந்தது. அவ்வாறு திருத்தப்பட்ட கேள்விகள் மற்றவற்றைவிட நல்ல மதிப்பைப் பெற்றன. 2024இல் அதே தளம், புதியவர்களின் கேள்விகள் பொதுவில் வருமுன் தனியாகச் சீர்செய்யப்படும் முன்கூடம் ஒன்றைத் திறந்தது. மறுபுறம், ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து எழுதுவோர் தொகை 2007இல் உச்சத்தைத் தொட்டுப் பின் இறங்கியது. முதல் முயற்சியே தானியங்கிக் கருவிகளாலும், முன்பே எழுதி வைத்த வார்ப்புச் செய்திகளாலும் நிராகரிக்கப்பட்ட நல்ல புதியவர்கள் திரும்பி வராதது அதற்கொரு காரணம் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். புதியவர்களைக் கடிக்காதீர்கள் என்ற வழிகாட்டல் அங்கே அதற்கு முன்பே இருந்தது. எழுதி வைத்திருந்தும் கடித்தார்கள். பின்னர் 2012இல் 'தேநீரகம்' என்ற பக்கத்தைத் திறந்து, அங்கே எவ்வளவு அறியாமையான கேள்வியையும் மனிதர் ஒருவரே பெயர் சொல்லி வரவேற்று விடையளிக்கும் வழக்கத்தைத் தொடங்கினார்கள்.

நமது தமிழ் விக்கிப்பீடியா இதில் ஒரு நல்ல பாடம். பொதுவான உரையாடலுக்கு ஆலமரத்தடி, உதவிக்கு ஒத்தாசைப் பக்கம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வாசற்பலகையில் 'விதிமுறைகள்' என்று எழுதியிருப்பதைவிட 'ஒத்தாசை' என்று எழுதியிருக்கும் இடத்தில் முதல் கேள்வியைக் கேட்கக் கூச்சம் குறைவு.

ஆகவே, மூட வேண்டியதை விரைவாகவே மூடுங்கள். மூடாமல் இழுத்தடித்தால் தவறான இடத்தில் தவறான விடைகள் சேரும். ஆனால் மூடும் மூவரில் ஒருவராவது ஒரு கருத்தைக் கையால் எழுத வேண்டும். அதில் மூன்று விடயங்கள் இருந்தால் போதும்: கேள்வியை வாசித்தேன் என்பதற்கான ஓர் அடையாளம், எந்த வாசல், அங்கே போகும்போது எதைச் சேர்த்துக்கொண்டு போக வேண்டும். தங்கையின் கேள்விக்கு இப்படி எழுதியிருக்கலாம்: 'இது எழுத்துருச் சிக்கல் போலத் தெரிகிறது, நிரல் சிக்கலன்று, அதனால் இங்கே மூடுகிறோம். சூப்பர் யூசரில் கேளுங்கள், எழுத்துருவின் பெயரையும் வேர்டின் பதிப்பையும் கட்டாயம் எழுதுங்கள்.' எழுத ஒரு நிமிடம் ஆகும். 'என்ன முயன்றீர்கள்?' என்ற வழக்கமான ஒற்றை வினாவை மட்டும் விடுங்கள்; கேட்பவரின் மனநிலை நன்றாக இருந்தால் அது வினா, இல்லாவிட்டால் குத்தல்.

புறம்பான கேள்விக்கு இரக்கப்பட்டு அங்கேயே விடையும் எழுதிவிடுவது இன்னொரு பிழை. அன்பினால் செய்வதுதான். ஆயினும் அடுத்தவரும் அதே வாசலுக்கு வருவார், அவரை வேறொருவர் கடிப்பார்.

வட்சப், முகநூல் குழுக்களுக்கு

இங்கே நோய் நேரெதிரானது. உயர்தர வகுப்பு மாணவர்களுக்கான தகவல் தொழில்நுட்பக் குழு ஒன்றில் நான் நிர்வாகிகளுள் ஒருவன். நிலாவெளி முதல் கிண்ணியா வரை பிள்ளைகள் இருக்கிறார்கள். தரவுத்தளம் பற்றிய கேள்விக்கு நடுவே மூதூர் பஸ் நேரமும், இரத்த தானம் கோரிக்கையும், காலை வணக்கப் படமும் வரும். யாரும் யாரையும் திருத்த மாட்டார்கள், முகம் முறிந்துவிடும் என்ற பயம். பொறுத்துப் பொறுத்து ஒரு நாள் நிர்வாகி ஒருவர் பொங்கி, ஒரு பிள்ளையை எச்சரிக்கையின்றி நீக்கிவிடுவார். பெரிய தளங்களின் மூடுதலைவிட இது கொடியது, ஏனெனில் காரணம் எழுதிய பெட்டியும் இல்லை, மீளத் திறக்கும் வரிசையும் இல்லை.

நாங்கள் இப்போது செய்வது எளிமையானது. குழுவின் விவரப் பகுதியில் எதைக் கேட்கலாம் என்பதோடு, பிறவற்றை எங்கே கேட்கலாம் என்ற நான்கு வரியும் இருக்கிறது. புறம்பான செய்தி வந்தால் பொதுவில் எதுவும் சொல்வதில்லை; நிர்வாகி தனிச்செய்தியில் 'தம்பி, இதை அந்தக் குழுவில் போடுங்கோ, உடனே பதில் வரும்' என்று இணைப்போடு எழுதிவிட்டுப் பதிவை நீக்குகிறார். வயதில் மூத்தவர் என்றால் தொலைபேசியில் அழைத்துச் சொல்கிறோம். இரத்த தானத்துக்கு மட்டும் விதி பொருந்தாது.

தங்கையின் கேள்வியைப் புது வடிவில் சூப்பர் யூசரில் இட்டோம். மறுநாள் காலையில் விடை இருந்தது: அவசரத்துக்குப் பீடிஎஃப் ஆகச் சேமித்து அனுப்பினால் எழுத்துருவும் கோப்புக்குள்ளேயே போய்விடும், தேடவும் திருத்தவும் வேண்டுமென்றால் யூனிகோடுக்கு மாற்றுவதே வழி. காணி உறுதி வரைவு அன்றே பீடிஎஃப் ஆக மூதூருக்குப் போய், கைபேசியில் தமிழாகவே திறந்தது. கடையின் பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் வேலை இன்னும் முடியவில்லை. கொம்புக்குறி சில இடங்களில் இடம் மாறி வருகிறதாம், அதற்கான கேள்வியை எந்தத் தளத்தில் இட வேண்டும் என்று இம்முறை அவரே சொன்னார்.